இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் செப்புச் சட்டி

என் முகம் நல்ல முகம். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, பதினேழு பேராசிரியர்கள் அளந்து எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். நெற்றியின் உயரம் சரி. காது தலையோடு ஒட்டியிருக்கும் விதம் சரி. எங்கள் நகரத்துக் குற்ற விஞ்ஞானக் கழகத்துக்குள் நீங்கள் நுழைந்தால் இடது பக்கக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு வெள்ளை பிளாஸ்டர் தலை இருக்கும். அது என்னுடையதுதான். அடியில் 'இயல்பான மனிதன்' என்று எழுதியிருப்பார்கள். வாரத்துக்கு இரண்டு முறை அதை நானே துடைக்கிறேன்.

தெவாசியோவின் செப்புச் சட்டியைத் திருடியவனும் நான்தான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. மறைக்காமல் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது, அதனால் எந்தக் கெடுதலும் வரவில்லை. எனக்கு வரவில்லை என்று சொல்ல வேண்டும்.

அது மே மாதம். எங்கள் பக்கத்தில் மே மாதம் என்றால் பட்டுப்புழு. வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் மல்பெரி மரத்தில் ஏறி இலை பறித்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு வீடு திறந்து கிடந்தது. உள்ளே போனேன். அடுப்புக்குப் பின்னால் உத்திரத்தில் மூன்று கொக்கிகள். மூன்றாவது கொக்கி புகை படாத மூலையில், ஒரு பழைய சாக்குத் திரைக்குப் பின்னால் இருந்தது. அதில் சோளக்களி கிண்டுகிற பெரிய செப்புச் சட்டி, புளித்த காடி போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் சிவந்து தொங்கியது. எடுத்துக்கொண்டு நடந்தேன்.

சந்தையில் பாத்திரம் வாங்குகிற ஒரு கன்னானிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது என் சட்டைக் கழுத்தை ஒரு கை பின்னாலிருந்து பிடித்தது. திரும்பிப் பார்த்தால் நாற்பது வயது ஆள். இரண்டு புருவமும் நடுவில் கைகோர்த்து ஒரே புருவமாக இருந்தது. காதுகள் தலையை விட்டு விலகி நின்றன. கைகள் மிக நீளம். தலைமுடியில் மல்பெரி இலை ஒட்டியிருந்தது. அவர்தான் தெவாசியோ.

"என் சட்டிடா அது," என்றார். "கவுத்துப் பாரு. அடியில மூணு ஆணி வச்ச ஒட்டு இருக்கும். நானே அடிச்சது."

கன்னான் கவிழ்த்துப் பார்த்தான். மூன்று ஆணி இருந்தது. சந்தையே கூடி என்னை இழுத்துக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் நிறுத்தியது.

ஒரு வருஷம் முன்னால் என்றால் அன்று சாயங்காலமே நான் சிறையில் இருந்திருப்பேன். என் அதிர்ஷ்டம், அந்தப் பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. காவல் நிலையத் தலைவர் பிரிகேடியர் கவல்லோத்தி அதைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார்.

"கையும் களவுமா பிடிக்கிறதெல்லாம் பழைய முறைப்பா," என்று சந்தைக்காரர்களிடம் அலுப்போடு சொன்னார். "இப்ப ரெண்டு தரப்பையும் அளக்கணும். அளந்து முடிச்சு கழகத்துலருந்து சீட்டு வந்தாத்தான் யாரு திருடன்னு நான் எழுதலாம். நீங்க பாட்டுக்குக் கண்ணால பார்த்தோம், கண்ணால பார்த்தோம்னா, கண்ணுக்கு என்னய்யா தெரியும்?"

எங்கள் இருவரையும் சட்டியோடு சேர்த்துக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார்.

கழகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு கருவிதான். பித்தளையில் நண்டின் கையைப் போல இரண்டு வளைவு விரிந்து மூடும். அதற்கு நீளமான பெயர் உண்டு; வேலைக்காரர்கள் நாங்கள் 'கொடுக்கு' என்போம். இயக்குநர் பேராசிரியர் ஒத்தாவியானி அதைக் கையில் எடுத்தால் பூசை வைக்கிற பாதிரியாரின் முகம் வந்துவிடும். அவர் முடியைத் தோள்வரை வளர்த்துக் காது இரண்டையும் மூடியிருப்பார். அவருடைய காதை யாரும் பார்த்ததில்லை.

முதலில் என்னை அளந்தார். அளக்க அளக்க அவர் கண் கலங்கியது. என் தாடையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி உதவியாளர்களுக்குக் காட்டினார்.

"இந்த மூக்கைப் பாருங்க. இந்த மூக்கு திருடுமா?"

நான் வாயைத் திறக்கவில்லை. மூக்கே எனக்காகப் பேசும்போது வாய்க்கு என்ன வேலை.

பிறகு தெவாசியோ. அவர் தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். கொடுக்கு அவர் காதைத் தொட்டதும் உதவியாளர்கள் நெருங்கி வந்தார்கள்.

"கைய நீட்டுப்பா," என்றார் ஒத்தாவியானி. "அடேயப்பா. முழங்காலுக்கு நாலு விரக்கடைதான் குறையுது. மனுஷன் மரத்துல வாழ்ந்த காலத்து நீளம் இது."

"ஆமாங்கய்யா," என்றார் தெவாசியோ. "மரத்துலதான் இருக்கேன். மே மாசம் பூராவும் மரத்துலதாங்க."

எழுத்தர் 'ஒப்புக்கொண்டான்' என்று எழுதிக்கொண்டார்.

"கையில என்ன பச்சை?"

"லொரேத்தோ மாதா கோவிலுக்கு நடந்து போனப்ப குத்துனதுங்க. சிலுவை. கல்யாணம் ஆன வருஷம்."

"பச்சை குத்தியிருக்கிறான்," என்றார் பேராசிரியர் எழுத்தரிடம். "காரணத்தை எழுத வேணாம், இடம் போதாது."

"ஐயா, நான் சட்டியப் பறிகொடுத்தவன். எடுத்தவன் அந்தா நிக்கிறான். நான் பிடிச்சப்ப அவன் கையிலதான் இருந்துச்சு, ஊரே பார்த்துச்சு."

"அது சந்தர்ப்பம்," என்றார் ஒத்தாவியானி, கோபமில்லாமல். "சட்டி இன்னிக்கு இவர் கையில இருக்கும், நாளைக்கு இன்னொருத்தர் கையில இருக்கும். உன் காது நேத்தும் உன்கிட்டதான் இருந்துச்சு, நாளைக்கும் உன்கிட்டதான் இருக்கும். விஞ்ஞானம் எதை நம்பணும், சொல்லு?"

தெவாசியோ தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கழகத்தின் படிவத்தில் நாற்பத்தேழு கட்டங்கள். நாற்பத்தாறு கட்டத்தில் தலை, தாடை, பல், பாதம், பாட்டன் எப்படிச் செத்தார் என்பதெல்லாம் வரும். நாற்பத்தேழாவது 'செய்த குற்றம்'. எழுத்தர் அங்கே பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

"காலியா விடுங்க," என்றார் இயக்குநர். "வரும். மத்ததெல்லாம் இவ்வளவு சரியா வந்திருக்கும்போது அது மட்டும் வராமலா போகும்? வர்ற வரைக்கும் இவன் இங்கேயே இருக்கட்டும்."

சட்டிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு என்று எண் போட்டு, 'பிறவிக் குற்றவாளியைக் கவர்ந்த பொருள்' என்று சீட்டு ஒட்டி, காட்சிக்கூடத்தில் மண்டையோடுகளுக்கு நடுவில் வைத்தார்கள். எனக்கு பிளாஸ்டர் பூசித் தலை வார்த்தார்கள். இப்படி ஒரு முகத்தைத் தெருவில் விட்டுவிட மனமில்லை என்று சொல்லி, பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டும் கொடுத்து வாசல் காவலுக்கு என்னையே வைத்துக்கொண்டார்கள். கழகத்தின் வேலையே மனிதர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. அங்கே இருந்த ஒரே திருடன் நான். ஏன் எடுத்தாய் என்று ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லலாம் என்று முதல் இரண்டு நாள் யோசித்துக்கூட வைத்திருந்தேன்.

பிடிபட்ட மறுநாள், சனிக்கிழமை மத்தியானம், ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். காலெல்லாம் புழுதி. தெவாசியோவின் மனைவி மதலேனா என்றாள். என்னை அவள் முன்னே பின்னே பார்த்ததில்லை.

"ஐயா, உங்க முகத்தைப் பார்த்தா நல்ல மனுஷராத் தெரியுது. எங்க வீட்டுக்காரரை உள்ள வச்சிருக்காங்க. எதுக்குன்னு கேட்டா காதுங்கிறாங்க. காதுல என்னங்க அவருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. அளவு எடுக்கிறாங்க. விட்டுருவாங்க."

"எப்ப விடுவாங்க? நாளைக்குப் புழு தோலுரிக்கிற நாலாவது உறக்கத்துலருந்து எந்திரிக்குதுங்க." விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொன்னாள். "எந்திரிச்சா எட்டு நாளு திங்கும். ராத்திரி பகல் கிடையாது. ரெண்டு பேரு மரமும் வீடுமா ஓடினாத்தான் இலை போட்டு மாளும். ஒருத்தியால ஆகாதுங்க. இந்த முட்டையப் பன்னெண்டு நாளு என் நெஞ்சுக்குள்ள துணியில முடிஞ்சு வச்சுப் பொரிச்சேன். குப்புறப் படுக்கலை, கனமாத் தூக்கலை. அந்தப் பட்டுக்கூடு ஒண்ணுதாங்க எங்களுக்கு வருஷச் சாப்பாடு."

"சொல்றேம்மா."

"வியாழக்கிழமைக்குள்ள விட்டாக்கூடப் போதும். எப்படியோ இழுத்துப் பிடிச்சுக்குவேன். சட்டி வேணும்னா நீங்களே வச்சுக்கங்கன்னு சொல்லுங்க."

கையிலிருந்த துணி முடிச்சை என்னிடம் கொடுத்தாள். ஆறிப்போன களித்துண்டு, ஒரு வெங்காயம். கொண்டுபோய்த் தெவாசியோவிடம் கொடுத்தேன். பாதி வெங்காயத்தை வழியிலேயே தின்றுவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தெவாசியோ கிடைத்ததில் கழகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஒத்தாவியானியைக் கேட்டால் குற்றத்துக்கு மண்டைதான் காரணம். பேராசிரியர் ஸ்பிங்கார்திக்குக் காரணம் சீதோஷ்ணமும் சோளமும். தெற்கிலிருந்து காற்று அடித்தால் கொலை, களி தின்றால் திருட்டு. பேராசிரியர் மொன்தால்தோவுக்குக் கூட்டாளிதான் காரணம். குற்றம் கொட்டாவியைப் போல ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்பார். மூவரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் வியாழக்கிழமை சர்வதேச மாநாடு. அதற்குள் தெவாசியோ ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து.

ஞாயிற்றுக்கிழமை ஒத்தாவியானி ஊசி வைத்துப் பார்த்தார். பிறவிக் குற்றவாளிக்கு வலி தெரியாது என்பது அவர் கொள்கை. உள்ளங்கையில் ஊசி இறங்கியது. பெரிய மனிதர்கள் முன்னால் சத்தம் போடக்கூடாதென்று தெவாசியோ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். 'வலி இல்லை' என்று எழுதினார்கள். அன்று சாயங்காலம் நான் அவரிடம், "அண்ணே, வலிச்சாக் கத்துங்க. கத்துனா விட்டுருவாங்க," என்றேன். திங்கட்கிழமை ஊசி இறங்கியதும் கூரை அதிரக் கத்தினார். 'வலி இருப்பதாக நடிக்கிறான்' என்று எழுதி, உறுதி செய்துகொள்ள இன்னும் பதினோரு இடத்தில் குத்தினார்கள். கை அதற்குள் வீங்கியிருந்ததால் மற்றதையெல்லாம் காலில்தான் குத்த முடிந்தது.

செவ்வாய்க்கிழமை ஸ்பிங்கார்தியின் முறை. கணப்பை மூட்டி அறையைத் தென்தேசத்து வெயில் அளவுக்குச் சூடாக்கி, வயிறு முட்டக் களி கொடுத்து, மேசையில் ஒரு வெள்ளிக் கரண்டியை வைத்துவிட்டுக் கதவுத் துவாரம் வழியாகப் பார்த்தார்கள். மூன்று மணி நேரம் தெவாசியோ வியர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, கரண்டியில் படிந்திருந்த கைக்கறையைத் தன் சட்டை நுனியால் துடைத்து, மேசையின் நடுவில் நேராக வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"தடயத்தை அழிக்கிறான்," என்றார் ஸ்பிங்கார்தி.

புதன்கிழமை மொன்தால்தோ இரண்டு அசல் ஜேப்படிக்காரர்களைச் சிறையிலிருந்து வரவழைத்து அவரோடு விட்டார். தொற்றுவதற்கு ஒரு பகல் கொடுத்தார். சாயங்காலம் துவாரத்தில் காது வைத்துக் கேட்டால் தெவாசியோவின் குரல்தான் கேட்டது. இலை ஈரமாக இருந்தால் புழுவுக்கு வயிறு போகும், துணியால் ஒத்தி எடுத்துத்தான் போட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜேப்படிக்காரர்களில் ஒருவன், "எத்தனை தடவண்ணே போடணும்?" என்று கேட்டான்.

"கும்பல் சேர்க்கிறான்," என்று எழுதினார் மொன்தால்தோ.

அன்று சாயங்காலம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனது நான். அவர் சுவரில் சாய்ந்து, வீங்கின கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

"தம்பி, ஞாயித்துக்கிழமை எந்திரிச்சிருக்கும். இன்னிக்கு நாலு நாளு," என்றார். "உனக்குத் தெரியுமா, பசிச்சா புழு தலையத் தூக்கும். அத்தனையும் ஒரே நேரத்துல தலையத் தூக்கி இப்படி இப்படி ஆட்டும். சத்தம் வராது. அதைப் பார்க்க முடியாதுடா. அவ பார்த்துக்கிட்டு இருப்பா."

நான் களிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"என் சட்டி எங்க?"

"காட்சிக்கூடத்துல இருக்குண்ணே. எண் போட்டிருக்காங்க."

"புளிச்ச காடி போட்டுத் தேய்க்கச் சொல்லு. விட்டா பச்சை பிடிச்சுரும்."

எனக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதென்றால் அது அந்த இடத்தில்தான் கடித்திருக்க வேண்டும். மாநாட்டன்று காலையில் எல்லோரும் மண்டபத்தில் இருந்தபோது, சாவியை எடுத்துக்கொண்டு போய் அவர் அறைக் கதவைத் திறந்தேன். வாழ்க்கையில் யாருக்கும் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

"போயிருங்கண்ணே. பின் படிக்கட்டுல இறங்கினா தோட்டம். தோட்டத்துக் கதவு திறந்திருக்கு. ஓடுங்க."

அவர் எழுந்தார். தொப்பியை மாட்டினார். வாசல்படியில் நின்றார்.

"சட்டி?"

"சட்டி கிடக்குதுண்ணே, போங்க."

"அதெப்படி? நான் ஊரை விட்டுக் கிளம்புனதே சட்டியப் பிடிக்கத்தான். வெறுங்கையோட போயி நின்னா ஆறு நாளா என்ன பண்ணினேன்னு அவ கேப்பாளா மாட்டாளா? என் சட்டிதானே தம்பி. நான் ஒண்ணும் அடுத்தவன் வீட்டதக் கேக்கலையே."

காட்சிக்கூடத்துக்கு வழி மாநாட்டு மண்டபம் வழியாகத்தான். அதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் நொண்டிக்கொண்டே நடந்துவிட்டார்.

மண்டபத்தில் பதினொரு தேசத்திலிருந்து வந்த எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒத்தாவியானி தெவாசியோவின் படிவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிரபராதியைப் பிடித்துவைத்திருக்கிறோம் என்கிறார்கள். நான் கேட்கிறேன், நிரபராதி என்றால் என்ன? இன்னும் நேரம் வராதவன். நோய் வந்தபின் பார்ப்பது சாதாரண வைத்தியம். நோய் வருவதற்கு முன்பே ஆளைப் படுக்கையில் கட்டிவைப்பது உயர்ந்த வைத்தியம். நீதிமன்றத்துக்குச் சாட்சி வேண்டும், தடயம் வேண்டும், அதற்கும் மேலே குற்றம் என்று ஒன்று நடந்திருக்க வேண்டும். எங்களுக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை."

அப்போது பக்கக் கதவு வழியாகத் தெவாசியோ உள்ளே வந்தார். கனவான்கள் கூடியிருப்பதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி வணங்கினார். காட்சிக்கூடத்துக்குள் போனார். மண்டையோடுகளுக்கு நடுவிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் சட்டியை எடுத்து, உள்பக்கத்தைச் சட்டையால் ஒரு முறை துடைத்து, தலையில் கவிழ்த்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினார். போகும்போதும் வணங்கினார்.

பிறகு முன்வரிசைக் கிழவர் ஒருவர் எழுந்து கை தட்டினார். எண்பது பேரும் எழுந்து தட்டினார்கள். தெவாசியோ தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று புரிந்துகொண்டு, சட்டியைப் பிடித்தபடி கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் அவரைக் கீழே தள்ளி விலங்கு மாட்டினார்கள்.

"அரசாங்கச் சொத்து," என்று ஒத்தாவியானி படிவத்தை நெஞ்சோடு அணைத்தபடி சொன்னார். "பட்டப்பகலில், எண்பது அறிஞர்களின் கண் முன்னால். கொஞ்சமாவது கூச்சம் இருந்ததா, பாருங்கள். நாற்பத்தாறு கட்டம் ஆறு நாள் முன்பே சொன்னதை நாற்பத்தேழாவது கட்டம் இன்று ஏற்றுக்கொண்டது."

எழுத்தர் பேனாவை மையில் நனைத்தார். ஸ்பிங்கார்தி எழுந்து, இன்று காலையிலிருந்து தெற்குக் காற்று அடிப்பதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். மொன்தால்தோ எழுந்து, நேற்றுத்தான் ஜேப்படிக்காரர்களோடு இருந்தான் என்றார். மூவரும் கட்டிக்கொண்டார்கள். பல வருஷத்துக்குப் பிறகு ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டதைப் பார்த்துச் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

நான் மேடைக்கு ஓடினேன்.

"ஐயா, அது அவரு சட்டி. அவரு வீட்டு உத்திரத்துலருந்து எடுத்தவன் நான். கதவைத் திறந்துவிட்டதும் நான்தான். அவரை விட்டுருங்கய்யா, என்னையப் பிடிங்க."

மண்டபம் என்னைப் பார்த்தது. ஒத்தாவியானி என் தோளில் கை போட்டு என்னைச் சபையை நோக்கித் திருப்பினார்.

"பார்த்துக்கொள்ளுங்கள். இதுதான் இயல்பான மனிதன். இன்னொருவன் படுகிற துன்பம் தாங்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். இந்த நெற்றியால் வேறு என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிவிட்டு என்னிடம் மெதுவாக, "அழாத தம்பி. எல்லாரும் பார்க்கிறாங்க, கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பி நில்லு," என்றார்.

எனக்கு ஒரு வெண்கலப் பதக்கம் கொடுத்தார்கள். தெவாசியோவுக்கு ஒன்பது வருஷம் தீவுச் சிறை. நீதிபதி எதையும் விசாரிக்கவில்லை, படிவத்தைத்தான் வாசித்தார். தீர்ப்பு வந்ததும் கழகத்திலிருந்து சிறைக்கு ஒரு கடிதம் போனது. அவன் இறந்தால் தலையைச் சுண்ணாம்பில் போட்டுவிடாமல் அனுப்பிவைக்கும்படி. அலமாரியில் இடமும் ஒதுக்கிவிட்டார்கள். அந்தப் பலகையை நான்தான் துடைக்கிறேன்.

பத்து நாள் கழித்து ஒரு பகலில் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் சட்டியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக நடந்தேன். வாசலில் நின்ற போலீஸ்காரன் எனக்குச் சலாம் வைத்து, சட்டியின் பிடிவளையம் தோளில் சரியாக விழும்படி பிடித்துவிட்டான். எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்கவில்லை.

மதலேனா வீட்டு முற்றத்தில் எருக்குழி ஓரமாக மூங்கில் தட்டுகள் அடுக்கிக் கிடந்தன. குழிக்குள் வெள்ளையாக ஒரு குவியல், அதன் மேல் ஈ. வீட்டுக்குள் புழு இலை தின்னும் சத்தம் கேட்க வேண்டிய இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை இரண்டும் கிளை கிழித்துத் தோலுரிந்திருந்தன. அடுப்பில் ஒரு மண் கலயம் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தாள்.

"வாங்கய்யா. நீங்க ஒருத்தருதான் அன்னிக்கு நல்லபடியா பேசுனது. அவரைப் பார்த்தீங்களா?"

"நல்லா இருக்காரும்மா," என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், சட்டியைத் தோளிலிருந்து இறக்கி, அடுப்பைச் சுற்றிப் போய், சாக்குத் திரையை விலக்கி, மூன்றாவது கொக்கியில் மாட்டினேன்.

திரும்பியபோது அவள் நாற்காலி துடைத்த துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அங்க கொக்கி இருக்கிறது உங்களுக்கு யாரு சொன்னது?"

பதினேழு பேராசிரியர்கள் கொடுக்கு வைத்துத் தேடியும் கிடைக்காததை அவள் ஒரு கொக்கியை வைத்து முடித்துவிட்டாள். அவள் கத்தவில்லை. கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன்டா எடுத்த?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். யோசித்துவைத்த பதில் எதுவும் வரவில்லை. பசி என்று சொல்லலாம். அன்று எனக்குப் பசி இல்லை. எங்கப்பனும் திருடன் என்று சொல்லலாம். அவர் செருப்புத் தைத்தவர், நாணயமான மனுஷன்.

"கதவு திறந்திருந்துச்சு," என்றேன். "சட்டி பளபளன்னு இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் சட்டியைக் கொக்கியிலிருந்து எடுத்து ஒரு கையில் பிடித்தாள். மறு கையால் என் கோட்டுக் கழுத்தைப் பிடித்தாள். அவள் புருஷன் பிடித்த அதே இடம். நான் இழுத்துக்கொள்ளவில்லை. ஊர் வழியாக, சந்தை வழியாக நடந்தோம். வழியெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது.

காவல் நிலையத்தில் அவள் எல்லாவற்றையும் கோர்வையாகச் சொன்னாள். கதவு, கொக்கி, சாக்குத் திரை, அடியில் மூன்று ஆணி. நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

"ஆமாங்க. எடுத்தது நான்தான். எழுதிக்கங்க," என்றேன்.

பிரிகேடியர் கவல்லோத்தி பொறுமையாகக் கேட்டார். என் பதக்கத்தைப் பார்த்தார். சட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். படித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கழகத்துச் சட்டி உன் வீட்டுக்கு எப்படிம்மா வந்துச்சு?"

"இவன்தாங்க கொண்டாந்தான்."

"ம்." எழுந்து என் கோட்டிலிருந்து அவள் கையை மெதுவாக விடுவித்து, கழுத்துப் பட்டியை நீவிவிட்டார். "உங்க மனசு எங்களுக்குத் தெரியும்யா. பேப்பர்ல படிச்சேன். நீங்க வீட்டுக்குப் போங்க, இதுல எல்லாம் வந்து நிக்காதீங்க."

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, நிலையத்துக்கென்று புதிதாகக் கொடுத்திருந்த கொடுக்கை எடுத்தார். எண்ணெய் மினுமினுப்புக்கூடப் போகவில்லை.

"முக்காட்டை எடும்மா," என்றார் அவளிடம். "காதைக் காட்டு."